சூட்டில் நிற்கும் என்ஜின்

மார்ச் 9, சனி

நான் குடித்துவிட்டுக் கோயிலில் வாசகம் படித்ததாகச் சொல்லி, முப்பத்தொரு வருஷமாக நான் ஏறி நின்ற பிரசங்கத் தொட்டியிலிருந்து என்னை இறக்கிவிட்டார்கள். முடிவு எடுத்தது பங்குப் பேரவை. புகார் சொன்னது வல்லத்துக்காரர் தொம்மை கொரேரா. தலையாட்டியது பங்குச்சாமி. இதை முதலில் எழுதிவைத்துவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

இந்த நோட்டு நான் மீன்பிடி வல்லங்களின் என்ஜின்களைப் பழுது பார்த்த காலத்தில் வாங்கியது. பாதி வெற்றாகக் கிடந்தது. பக்கத்துக்கு மூன்று பத்திகள்: கோளாறு, காரணம், செய்ய வேண்டியது. அநியாயத்துக்கும் அதே மூன்று பத்திகள் போதும்.

நடந்தது இது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சாயங்காலம் சிலுவைப் பாதை முடிந்ததும் எங்கள் ஊரில் ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளின் வாசகம் படிப்போம். கையால் எழுதிய பழைய பிரதி, பதினைந்து பக்கம். ஒப்பாரியும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் நடுவில் ஒரு இழுவையில் படிக்க வேண்டும். என் அப்பா படித்தார். அவருக்குப் பிறகு நான், கஸ்பார் மச்சாடோ, ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன், படிக்கிறேன். நேற்று ஆறாம் பக்கத்தில் நாக்கு தடித்துப் போயிற்று. குரல் மூக்கு வழியாக வந்தது. வரிகள் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. இடது கண் தானாக மூடிக்கொண்டது. ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கிறவனுக்கு இதெல்லாம் வரத்தான் செய்யும்.

வாசலில் தொம்மை எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். "வே கஸ்பாரு, பெரிய நோன்புலயாவது அதைத் தொடாம இருக்கப்படாதா?"

இரண்டு வருஷத்துக்கு முன்பு ரோட்டோரத்து மதுக்கடையை மூடச்சொல்லிப் பதினோரு நாள் வெயிலில் உட்கார்ந்தவன் நான். தொம்மை அதில் இரண்டு நாள் உட்கார்ந்தார். அதுவும் நிழலில்.

இனி வாசகத்தை அவர் படிப்பாராம்.

மார்ச் 10, ஞாயிறு

காலையில் எழுந்ததும் பிரதியை எடுத்துச் சுவரைப் பார்த்து நின்று சத்தமாகப் படித்தேன். ஒரு பிசிறு இல்லை. நான்காம் பக்கத்தில் என் மனைவி மோனிக்காள் காப்பி ஆறுகிறது என்றாள். நிறுத்திவிட்டேன். நான் நிறுத்தவில்லை, அவள் நிறுத்தினாள்.

மார்ச் 13, புதன்

தூத்துக்குடியில் பழைய புத்தகக் கடையில் நோய்களைப் பற்றிய தடிமனான புத்தகம் ஒன்று கிடைத்தது. அட்டை இல்லை. அதிகம் பேருக்குத் தெரியாத நோய்கள், அவற்றின் காரணங்கள், அறிகுறிகள். எழுதினவருக்கு ஒழுங்கு தெரியும். என் நோட்டைப் போலவே பிரித்திருக்கிறார்.

யாரும் எனக்கு என்ஜின் சொல்லிக்கொடுக்கவில்லை. கழற்றிப் பார்த்துக் கற்றேன். உடம்பு அதைவிடக் கஷ்டமாக இருக்க முடியாது. ஒரே நாளில் எங்கள் தெருவில் நான்கு பேருக்கு நோய் கண்டுபிடித்தேன். ஐஸ் கம்பெனி வாட்ச்மேனுக்கு விரல்கள் வெளுத்து நீலமாவது குளிரால் வருவது மட்டுமல்ல, அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. பங்குச்சாமி பேச்சின் நடுவில் தூங்கி விழுவதற்கும் பெயர் இருக்கிறது. அவரிடம் சொன்னேன்.

"எனக்குத் தூக்கம் பத்தலங்க ஐயா, அவ்வளவுதான்" என்றார்.

நோயாளிகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று முன்னுரையிலேயே போட்டிருக்கிறது.

மார்ச் 15, வெள்ளி

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தொம்மை படித்தார். வானிலை அறிக்கை படிக்கிற மாதிரி. ஆண்டவரை ஆணியடிக்கிற இடத்தில் தொண்டையைச் செருமினார். ஒரு பெண் கூட அழவில்லை. எனக்கு மனம் குளிர்ந்தது. பாவம்தான். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 18, திங்கள்

டவுனில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். நோய்க்காக அல்ல. நான் குடிக்கிறவன் இல்லை என்று ஒரு சான்றிதழ் வாங்க.

காலை எட்டு மணிக்கு முதல் டோக்கன் என்னுடையது. கையை நீட்டச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், விளக்கைப் பார்க்கச் சொன்னார். எல்லாம் நன்றாக இருந்தது.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல பெரியவரே. வயசு, கொஞ்சம் டென்ஷன். வேற என்ன?"

"குடிக்கமாட்டேன்னு எழுதிக் குடுங்க."

"குடிச்சிருந்தாத்தான் எழுத முடியும். குடிக்காததுக்கு எப்படி எழுதுறது?"

படித்தவர்களிடம் பேசிப் பயனில்லை. இருந்தாலும் ஒன்றுமில்லை என்று ஒரு டாக்டரே சொல்லிவிட்டார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மார்ச் 19, செவ்வாய்

இந்த வருஷத்து அரிசி சரியில்லை. பாதிச் சாப்பாட்டிலேயே தாடை வலித்துத் தளர்ந்துவிடுகிறது. மோனிக்காள் குழைய வேகவைத்திருப்பதாகச் சொல்கிறாள். தாடைக்குக் கீழே கையைக் கொடுத்து மென்றால் சரியாகிறது.

மார்ச் 21, வியாழன்

புத்தகத்தின் இருநூற்றுப் பதினேழாம் பக்கம். ஒரு தசை நோய். காலையில் நன்றாக இருப்பார்கள், பொழுது சாயச் சாயத் தளர்வார்கள். இமை சரியும். ஒன்று இரண்டாகத் தெரியும். பேச்சு மூக்கு வழியாக வரும். மெல்லவும் விழுங்கவும் சிரமம். சிரித்தால் சீறுவது போலத் தோன்றும். ஓய்வு எடுத்தால் சரியாகும். இளம்பெண்களுக்கும் வயதான ஆண்களுக்கும் வரும். அடிக்கடி குடிகாரர்கள் என்றோ சோம்பேறிகள் என்றோ தவறாக நினைக்கப்படுவார்கள்.

படித்து முடித்ததும் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தொம்மை. அவருடைய வலது கண் சின்ன வயசிலிருந்தே அரைக்கண். தூண்டில் முள் பட்டது என்று சொல்லிக்கொள்வார்.

மோனிக்காளிடம் படித்துக் காட்டினேன். அவள் மீன் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னொரு தடவ படிங்க."

படித்தேன். "வயதான ஆண்களுக்கும்" என்ற இடத்தில் என் குரல் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி வந்தது. நேரம் மாலை ஐந்தரை.

"இது நீங்கதான்" என்றாள்.

அந்தப் பக்கத்தில் வயதான ஆண்கள் என்றுதான் போட்டிருக்கிறது. எனக்கு அறுபத்தேழு.

மார்ச் 22, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி.

மார்ச் 27, புதன்

ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். பெல்ட் தளர்ந்திருந்தது. கையை மேலே தூக்கி வேலை செய்ததில் தோள் விட்டுப் போயிற்று. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஐஸ் பாளத்தின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டிருந்தேன். சோறு கொண்டுவந்த மோனிக்காள் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்தாள்.

"கண்ணு தொறந்திருக்கு" என்றாள்.

"தொறந்துதான இருக்கும்."

"வரும்போது பாதி மூடியிருந்துச்சு. ஐஸ் பட்ட பக்கம் நல்லாத் தொறந்திருக்கு."

தூசி. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் போய்விட்டது. குளிர்ந்தால் வேலை செய்கிறது, சூடானால் நிற்கிறது என்றால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வெயில் காலம்.

ஆனால் திரும்பும் வழியில் வேறு ஒரு என்ஜின் நினைவு வந்தது. அதை எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

தொம்மை வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லவில்லை. உட்கார்ந்தார்.

"ஓய், பெரிய வெள்ளிக்கு முழு வாசகமும் படிக்கணும். ஒண்ணே கால் மணி நேரம். உம்ம பிரதியில பென்சில்ல கோடு கோடாப் போட்டிருக்கே, அது என்னது?"

"உமக்குப் புரியாது."

"மூச்சு விடுற இடமா?"

மோனிக்காள் அவருக்குக் காப்பி கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே, "அண்ணே, இவுக குடிக்கல. உடம்புக்குத்தான் முடியல. டாக்டரு ஒண்ணுமில்லங்காரு" என்றாள்.

"எத்தன மணிக்குப் பாத்தாரு?"

"காலையில எட்டுக்கு."

தொம்மை சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பன்னிரண்டு வருஷமாக எனக்காக வைத்திருந்தது மாதிரி சிரித்தார்.

"கேட்டுக்கோ தங்கச்சி. என் வல்லத்து என்ஜின் கரையில நல்லா ஓடும். ஒரு மணி நேரம் உள்ள போனா நின்னுரும். இவருகிட்ட கொண்டாந்தேன். காலையில, குளிர்ந்த என்ஜினு. பத்து நிமிசம் ஓட்டிப் பாத்துட்டு என்ன சொன்னாரு தெரியுமா? என்ஜின்ல ஒண்ணுமில்ல தொம்மை, உமக்கு ஓட்டத் தெரியல. நாலு பேருக்கு முன்னால. அடுத்த நாள் நான் கடலுக்குப் போனேன். ரெண்டு நாள் கடலு எங்களை எங்கயோ இழுத்துட்டுப் போச்சு. என் பொஞ்சாதி கோயில்ல மெழுகுத்திரி ஏத்திட்டா."

"டீசல் குழாய் சூட்டுல உள்ளுக்குள்ள வீங்கி அடைச்சிருக்கு. வெளிய பாத்தா தெரியாது" என்றேன். "பொறவு நானே கண்டுபிடிச்சேன்."

"கண்டுபிடிச்சீரு. ஓட்டத் தெரியலன்னு சொன்னதை யாரு திரும்ப எடுத்தா?"

காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அவர் வீட்டில் அப்படி வைப்பார்கள் போலிருக்கிறது.

அந்த என்ஜினுக்குப் பிறகு நான் எந்த என்ஜினையும் குளிர்ச்சியில் பார்த்ததில்லை. ஒரு மணி நேரம் பாரம் ஏற்றி ஓடவிட்டுத்தான் காதை வைப்பேன். இப்படிச் சோதிக்கும் முறை என்னுடையது. இதில் தொம்மைக்கு எந்தப் பங்கும் இல்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

டாக்டரிடம் தவறு இல்லை என்று ஒரு வாதத்துக்கு வைத்துக்கொண்டால், டோக்கன் நேரத்தில் தவறு இருக்கலாம். இது வாதத்துக்கு மட்டும்.

ஏப்ரல் 10, புதன்

பெரிய வெள்ளிக்கு ஒன்பது நாள். முழு வாசகமும் நான்தான் படிப்பேன் என்று பங்குச்சாமியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நடுவில் தடுமாறினால் நானே இறங்கிவிடுகிறேன், அதற்குப் பிறகு நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அவர் யோசித்து, சரி என்றார்.

தொண்டை கமறுகிறது. மருந்துக்கடையில் தொண்டைக்கு நல்ல கிருமி மாத்திரையாகக் கேட்டேன். சீட்டு இல்லாமலே ஐந்து நாளைக்குக் கொடுத்தார். பழகிய பையன்.

ஏப்ரல் 12, வெள்ளி

மூன்று மாத்திரை ஆயிற்று. தலை நிற்கவில்லை. மோவாயைக் கையில் தாங்கி எழுதுகிறேன். குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

ஏப்ரல் 13, சனி

எழுத முடியவில்லை.

ஏப்ரல் 14, குருத்து ஞாயிறு

குருத்தோலையை மோனிக்காள் என் கையில் வைத்தாள். பிடிக்க முடியவில்லை. நாளை திருநெல்வேலி ஆஸ்பத்திரி. சான்றிதழுக்காகத்தான் வருகிறேன் என்று அவளுக்குச் சைகையில் சொன்னேன். சரி சரி என்றாள்.

ஏப்ரல் 15, திங்கள்

ஆஸ்பத்திரி. நான் சைகையில் சொல்ல மோனிக்காள் தன் கையால் எழுதியதைப் பிறகு நான் திருத்தியிருக்கிறேன்.

நரம்பு டாக்டர் ஒரு பெண், கௌசர் பானு என்று பெயர். மாலை நான்கு மணிக்குத்தான் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். அந்தத் தாமதத்துக்காக முதன்முறையாக யாரையும் திட்டவில்லை. காலையில் கை பிடித்த நேரத்தில் எழுதிவைத்ததை முதலில் காட்டினேன்: என்னைச் சூட்டில் பாருங்கள். ஓடவிட்டுப் பாருங்கள்.

அவர் அதைப் படித்துவிட்டு மோனிக்காளைப் பார்த்தார். "என்ஜின் மெக்கானிக்குங்க" என்றாள் மோனிக்காள்.

"அப்ப ஓட்டிப் பாப்போம்" என்றார் டாக்டர்.

கண்ணை இமைக்காமல் கூரையை ஒரு நிமிஷம் பார்க்கச் சொன்னார். இமைகள் கடையின் ஷட்டர் மாதிரி இறங்கின. துணியில் ஐஸ் சுற்றி இடது இமையில் இரண்டு நிமிஷம் வைத்தார். எடுத்ததும் கண் திறந்தது. மோனிக்காள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

பிறகு ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். வாசகத்தில் நான் ஒரே மூச்சில் எட்டு வரி இழுப்பேன். பதினொன்றில் மூச்சு நின்றுவிட்டது.

பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். இருநூற்றுப் பதினேழாம் பக்கம்.

"நரம்பு உத்தரவு போடுது. தசைக்கு அது போய்ச் சேரல. வாங்குற இடத்தை உங்க உடம்போட காவல்காரங்களே எதிரின்னு நினைச்சு அடைச்சிட்டாங்க" என்றார். "முதல் ரெண்டு மூணு தடவை கேக்கும், அப்புறம் கேக்காது. அதான் காலையில நல்லாருக்கீங்க."

மோனிக்காள் மாத்திரை அட்டையைக் காட்டினாள். டாக்டர் முகம் மாறியது.

"யார் குடுத்தா இதை? இந்த நோய் இருக்கிறவங்களுக்கு இது ஆகவே ஆகாது. இன்னும் ரெண்டு நாள் சாப்பிட்டிருந்தா மூச்சுக்கு மெஷின் வச்சிருப்போம். இன்னைக்கே அட்மிட் ஆகணும்."

வெள்ளிக்கிழமை வாசகம் என்று கிறுக்கிக் காட்டினேன்.

"எந்த வெள்ளி? இந்த வெள்ளியா? பதினொண்ணு வரைக்கும் எண்ணினீங்க பெரியவரே."

பங்குப் பேரவை என்னை இறக்கினதுக்கு வழக்காடலாம். என் உடம்பே ஒரு பேரவை கூட்டி என்னை இறக்கியிருக்கிறது. இதை எங்கே போய்ச் சொல்வது?

ஏப்ரல் 17, புதன்

கையில் ஊசி வழியாக ஐந்து நாள் மருந்து ஏறுகிறது. நெஞ்சுக்குள் ஒரு சுரப்பி வீங்கியிருக்கிறதா என்று படம் எடுத்தார்கள். இல்லை. ஒரு மாத்திரையும் உண்டு. போட்ட நாற்பதாவது நிமிஷம் குரல் வருகிறது, மூன்றே முக்கால் மணி நேரம் நிற்கிறது. நர்ஸ் நான்கு மணி நேரம் என்றாள். நான் கடிகாரம் வைத்துப் பார்த்தவன்.

மாலை மோனிக்காள் போனை என் காதில் வைத்தாள். தொம்மை.

"ஓய், ஆறாம் பக்கத்துல மூச்சை எங்க விடுறது?"

மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. குரல் இருந்தது. மூச்சு விடுகிற இடத்தை அவருக்குக் கொடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

"மாதா மகனைப் பாக்குற இடத்துல விடாதேயும். அதுக்கு முந்தின வரியிலேயே விட்டுரும். பாத்ததும் நிறுத்தும். எண்ணிக்கிட்டு அஞ்சு வர நிறுத்தும். செருமக் கூடாது."

"அஞ்சா?"

"அஞ்சு."

பிறகு அவரே கேட்டார். "என்ன சொல்லுதாரு டாக்டரு?"

"காலையில பாத்தா தெரியாதாம்" என்றேன்.

அதற்கு அவர் சிரிக்கவில்லை. அதுவே அவமானம்தான்.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

மாலை ஐந்தேகால். கோயிலில் இப்போது தொடங்கியிருப்பார்கள். ஒரே மூச்சில் எண்ணினேன். இருபத்தாறு.

ஏப்ரல் 20, சனி

பங்குச்சாமி போனில் சொன்னார். ஆறாம் பக்கத்தில் பெண்கள் அழுதார்களாம். தொம்மையும் நடுவில் நிறுத்திக் கண்ணைத் துடைத்தாராம். அதற்குக் கோடு போடவில்லை நான். என் மூச்சுக்கு அழுதிருக்கிறார்கள் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஏப்ரல் 24, புதன்

வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு வரி நான் கேட்டு எழுத வைத்தேன். டாக்டர் தமிழிலேயே எழுதிக் கொடுத்தார்: "மது அருந்தும் பழக்கம் இல்லை (நோயாளி கூறியது)." அடைப்புக்குறிக்குள் இருப்பதை நீக்கச் சொன்னேன். எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவோம் என்றார்.

ஆகவே செய்ய வேண்டியவை:

பங்குச்சாமி: வரும் ஞாயிறு இரண்டாம் பூசையில், கூட்டம் முழுக்க வந்த பிறகு, கஸ்பார் மச்சாடோ குடித்திருக்கவில்லை என்று பிரசங்கத் தொட்டியிலிருந்து சொல்ல வேண்டும். முதல் பூசையில் சொன்னால் செல்லாது. தூக்கத்துக்கு ஒரு டாக்டரையும் பார்க்க வேண்டும்.

பங்குப் பேரவை: ஒருவரை இறக்குவதற்கு முன்பு ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

டவுன் டாக்டர்: சாயங்காலமும் டோக்கன் கொடுக்க வேண்டும்.

மருந்துக்கடைப் பையன்: எனக்கு ஆகாத மாத்திரைகளின் பட்டியலை மோனிக்காள் கொண்டுவருவாள். கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டிவைக்க வேண்டும். சீட்டு இல்லாமல் எனக்கு இருமல் மிட்டாய் கூடக் கொடுக்கக் கூடாது, நான் கேட்டாலும்.

மோனிக்காள்: மாத்திரை நேரங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்பதை ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் சொல்லக் கூடாது.

தொம்மை கொரேரா: அடுத்த வருஷம் முதல் ஐந்து பக்கம் நான் படிப்பேன். ஆறாம் பக்கத்தில் அவர் ஏற வேண்டும். கண்ணைத் துடைப்பதாக இருந்தால் பக்கம் திருப்பும்போது துடைக்க வேண்டும்.

நான்: உடம்பு கொஞ்சம் நிமிர்ந்ததும், ஒரு காலையில் தொம்மையின் வல்லத்தில் ஏறி, கரையில் அல்ல, ஒரு மணி நேரம் உள்ளே போய், என்ஜின் நன்றாகச் சூடான பிறகு காதை வைத்துக் கேட்க வேண்டும். நான்கு பேரைக் கூட்டிப் போக வேண்டும், அன்று நின்ற அதே நான்கு பேர். ஓட்டுவது தொம்மையாக இருக்க வேண்டும். அவருக்கு ஓட்டத் தெரியும் என்று அங்கே வைத்துச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷம் தாமதம். இதை மன்னிப்பு என்று யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம். மாத்திரை போட்டு நாற்பது நிமிஷம் கழித்துப் புறப்பட வேண்டும், இல்லையென்றால் சொல்லும்போது குரல் இருக்காது.